திருகோணமலைக்குத் தனிய வாறவை ஒரு மாரி இருந்து பாருங்கோ

திருகோணமலைக்கு வேலை மாற்றம் வந்திருக்கு, தனியப் போகப் போறன், எப்பிடி இருக்கும் அக்கா எண்டு கேக்கிற பிள்ளைகள் இப்ப கூடிப் போச்சு, அதால ஒரேயடியா எழுதி வைக்கிறன். நான் சொல்லுறது ஒண்டு தான். ஒரு மாரி, அதாவது மழைக்காலம், முழுக்க இருந்து பாக்காமல் இந்த ஊர் எனக்குச் சரிவராது எண்டு முடிவெடுக்காதேங்கோ.

நான் வந்தது மே கடைசியில. கொழும்பு வெள்ளவத்தையில குடை பிடிச்சுக்கொண்டு பஸ் ஏறினன், ஹபரணை தாண்ட மழையும் இல்ல மழைக்குணமும் இல்ல, கந்தளாய்ப் பக்கம் தயிர்ச்சட்டி அடுக்கின கடைகளும் வெயிலும் தான். கொழும்புக்கு மழை கொண்டு வாற அதே தென்மேற்குக் காத்து மலைநாட்டில எல்லாத்தையும் கொட்டிப்போட்டு இஞ்சால காய்ஞ்சு போய் வருது, அதைத் தான் இஞ்ச கச்சான் எண்டுறது. தோய்ச்சுப் போட்ட உடுப்பு தேத்தண்ணி குடிச்சு முடிய முதல் காய்ஞ்சிரும், சொண்டு வெடிக்கும், மத்தியானம் றோட்டில சனமே இருக்காது. ஆனா கடல் குளம் மாதிரிக் கிடக்கும், உப்புவெளி நிலாவெளி முழுக்க வெள்ளைக்காரர், புறாமலைத் தீவுக்குப் போட் ஓடும், அந்தப் பக்கம் மாச வாடகைக்கு அறை தேடுறது வீண் அலைச்சல். டவுனுக்குள்ள, இல்லாட்டி உவர்மலைப் பக்கம் அனெக்ஸ் தேடுங்கோ, வேலைக்கும் கிட்ட.

தனிய இருக்கிறவைக்குக் கஷ்டமான நேரம் பின்னேரம் தான், அதை மறைக்க மாட்டன். கொழும்பில ஒன்பது மணிக்கும் றோட்டில வெளிச்சம், இஞ்ச எட்டு மணிக்கே கடையள் பூட்டத் தொடங்கீரும். நான் ஒரு பழக்கம் வைச்சன், வேலை முடிய டச்பே கடற்கரைக்கு நடக்கிறது. குடும்பம் குடும்பமா வந்து இருப்பினம், கச்சான் கடலைச் சுருள் கையில, கோட்டைப் பக்கத்து மான்கள் சனத்துக்குள்ளயே நடந்து திரியும். ஒரு நாள் ஒரு மான் பக்கத்தில நிண்டு சொப்பிங் பையைச் சப்பிக்கொண்டு நிண்டுது, இழுத்து எடுக்கப் பாத்தன், அதுக்குள்ள பாதி உள்ள போயிற்று. தயவுசெய்து இஞ்ச வாறவை பொலித்தீனைக் கண்டபடி எறியாதேங்கோ, எனக்கு இண்டைக்கும் அது மனசுக்குள்ள கிடக்கு.

சனம் கேள்வி கேக்கும். எந்த ஊர், ஆற்ற பிள்ளை, ஏன் தனிய இருக்கிறீங்க. வீட்டுக்கார அன்ரி நான் கேற் திறக்கிற ஒவ்வொரு முறையும் "எங்க மகள் போட்டு வாறீங்க" எண்டுவா. வெள்ளவத்தை ஃபிளட்டில முன்கதவுக்காரற்ற பேர் கூடத் தெரியாமல் இருந்த எனக்கு அது மூச்சு முட்டினது உண்மை.

பிறகு மாரி வந்திது. நவம்பரில வாடை எண்டுற வடகிழக்குக் காத்து தொடங்க டச்பேயில அலை றோட்டு வரைக்கும் இரையும், ஆனா கொஞ்சத் தூரம் நடந்து உட்துறைமுகப் பக்கம் போனா தண்ணி அசையாது, ஒரே ஊர், ஒரே மழை. வெள்ளைக்காரர் போயிருவினம், மீன் விலை ஏறும், மீன்கார அண்ணை சைக்கிள் பெட்டியில அறுக்குளாவுக்குப் பதிலா கொஞ்சம் சூடையோட நிப்பார், சூடைப் பொரியலும் பிட்டும் சொதியும் மழைக்குச் சாப்பிட்டுப் பாருங்கோ. விடியக்காலம ஒழுங்கை முழுக்கத் தண்ணி, நான் வேலைக்கு எப்பிடிப் போறது எண்டு நிக்கேக்க ஓட்டோ அண்ணை தானா போன் எடுத்தார். "தங்கச்சி, அந்தப் பக்கம் இறங்காதேங்கோ, நான் சுத்தி வாறன், வாசல்லயே நில்லுங்கோ." நான் சொல்லி வைக்கேல்ல, கேக்கவும் இல்ல. நான் எத்தனை மணிக்குப் போறன் எண்டு ஊருக்குத் தெரிஞ்சிருக்கு, அது தான் காரணம். அண்டைக்குப் பிறகு அன்ரி கேக்க முதல் நானே சொல்லிப்போட்டுப் போவன்.

மழை விட்டு சிவராத்திரி முடிய கோணேச்சரக் கோயில் சாமி கோணேசர் நகர்வலம் வருவார், அதுக்கு ஊரில இருங்கோ. வாசல் கூட்டி, கும்பம் வைச்சு, ஒழுங்கைச் சனத்தோட நிக்கேக்க ஆர் புதுசு ஆர் பழசு எண்டு ஆரும் பாக்கிறேல்ல.

கிழமைக்குக் கிழமை கொழும்புக்கு ஓடாதேங்கோ, சனி ஞாயிறு இஞ்ச கழிச்சாத் தான் ஆக்கள் பழக்கம் வரும். போகத் தான் வேணும் எண்டா இரவு மெயில் ரெயில் இருக்கு, நித்திரை கொண்டு போகலாம். வீடு பாக்கேக்க கிணத்துத் தண்ணியைக் கட்டாயம் வாயில வைச்சுப் பாருங்கோ, மாரியில நல்லா இருக்கிற கிணறு கச்சானுக்கு உவர்க்கும், அதால பக்கத்து வீட்டில கேட்டுப்போட்டு அட்வான்ஸ் குடுங்கோ.