மாமா, இது செத்துப்போச்சா?

"மாமா, கிரேமான் எழுந்திருக்கவே மாட்டேங்குது."

அக்கா பையன் கண்ணில் தண்ணீர். டிஜிமான் வேர்ல்ட் விளையாட என் பழைய பிளேஸ்டேஷனை இன்றைக்குத்தான் தூசி தட்டிக் கொடுத்தேன். கிரேமான், அதில் அவன் வளர்த்த டைனோசர் மாதிரியான பிராணி.

அவன் பிராணிகளைப் பிடித்து மோதவிடும் போகிமான் விளையாட்டில் பழகியவன். அங்கே தோற்றால் மயக்கம்தான். போகிமான் சென்டர் என்ற ஆஸ்பத்திரியில் விட்டால் நொடியில் எழுந்துவிடும், அதுவும் இலவசமாக.

1999-ல் வந்த டிஜிமான் வேர்ல்டில் ஆயுசு முடியும். அப்புறம் மறுபடி முட்டைதான்.

டிஜிமானின் பூர்வீகம் தமகோச்சி என்ற கையடக்க வளர்ப்புப் பிராணி பொம்மை. அதனால் சோறு போடணும், தூங்க வைக்கணும், அது நெளிய ஆரம்பித்தால் கழிப்பறைக்கு ஓட்டிக்கொண்டு போகணும். தவறினால் நடுவழியிலேயே ஆய் போய்விடும். இப்படியே பலமுறை நடந்தால் சுகாமானாகிவிடும்: கண்ணும் வாயும் முளைத்த மஞ்சள் சாணிக் குவியல். காலையில் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவன்தான் இப்போது அழுகிறான்.

மெகாமி டென்சே என்ற இன்னொரு ஜப்பானிய விளையாட்டு வரிசையில் பேய்களிடம் பேரம் பேசிக் கூட்டணி சேர்க்கலாம். சிலது காசை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிடும். அது வேறு ரகம்.

போகிமானில் நூற்றுக்கணக்கில் பிடித்திருக்கிறேன். பாதிப் பெயர் மறந்துவிட்டது. அப்போது நான் வளர்த்த ஒற்றைக் கிரேமானை மறக்கவில்லை. என் ஓட்டு டிஜிமானுக்குத்தான்.

முட்டை ஆடியது.

"இதுக்கு என்னை ஞாபகம் இருக்குமா மாமா?"

"தெரியலடா. முதல்ல கழிப்பறை எங்கேன்னு பார்த்து வை."