பரங்குன்றிலிருந்து ஆவினன்குடி வரை

முருகனின் ஆறு படைவீடுகளில் இரண்டு மதுரைக்காரர்களுக்கு வாசற்படியிலேயே இருக்கின்றன. திருப்பரங்குன்றத்துக்கும் பழமுதிர்சோலைக்கும் நகரப் பேருந்தில் போய் வந்துவிடலாம் என்னும்போது, இந்த வயதில் பழனிக்கு நடந்து போவானேன் என்று மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். என் கணவர் ஓய்வு பெற்ற ஆண்டு நேர்ந்துகொண்டது, என் முழங்கால் வலியால் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அவருக்கு 67, எனக்கு 64 வயதான பிறகு, மாலை போட்டுப் பச்சை உடுத்தி, தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கையில் புறப்பட்டோம்.

திருப்பரங்குன்றத்தில் தொடங்க வேண்டும் என்பது என் பிடிவாதம். நான் 31 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தியவள். திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் முதலில் பரங்குன்றைப் பாடி, அடுத்து அலைவாயை, அதாவது திருச்செந்தூரைப் பாடி, மூன்றாவதாகத் திருவாவினன்குடிக்கு வருகிறார். அதுதான் பழனி மலையின் அடிவாரக் கோயில். பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவர், எதிரே வரும் பெறாதவரை நிறுத்தி, இன்ன வழியாகப் போ, இன்னாரைப் பார், இன்னது கிடைக்கும் என்று ஆற்றுப்படுத்துவது ஆற்றுப்படை. இதை எத்தனை கரும்பலகைகளில் எழுதியிருப்பேனோ, கணக்கில்லை.

பழங்காநத்தம், காளவாசல் வழியே வந்து, அரப்பாளையத்தில் வைகையைத் தாண்டும்போது நன்றாக விடிந்திருந்தது. பழனி வரை 120 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதை நாங்கள் ஏழு நாளாகப் பிரித்துக்கொண்டோம். இளவட்டங்கள் மூன்று நாளில் போய்விடுகிறார்கள். பத்து மணிக்கு மேல் தார்ச்சாலை வெறுங்காலுக்கு ஒத்துவராது என்பதால், பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்து நடந்து, வெயில் ஏறியதும் எங்காவது ஒதுங்கி, மாலையில் மீண்டும் நடந்தோம். வாடிப்பட்டியைத் தாண்டிய பிறகு வலப்புறம் சிறுமலை கூடவே வருகிறது. நாள் முழுவதும் நடந்தாலும் அது முடியாததைப் பார்க்கும்போது, நாம் நகர்கிறோமா என்ற சந்தேகமே வந்துவிடும்.

முதல் இரண்டு நாளும் எங்களுக்குள் ஒரு பூசல். வழிநெடுகப் பந்தல் போட்டு, பொங்கல், தக்காளி சாதம், சுக்குக் காப்பி என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொடுக்கிறார்கள். அவரோ எதையும் தொடமாட்டேன் என்றார். கருவூலத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து, ஒருவரிடமும் ஒரு காப்பிக்குக்கூடக் கை நீட்டாதவர் என்ற பெயரை வாங்கியவர். அந்தக் கை இப்போதும் நீளவில்லை. அவலும் பொரிகடலையும் பழமுமாக ஒரு பையைச் சுமந்துகொண்டு, நான் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுவதை, ஏதோ தணிக்கைக்கு வந்தவர் போலத் தள்ளி நின்று பார்த்தார். நான் வேண்டுமென்றே இரண்டாம் முறையும் வாங்கினேன்.

கொடைரோட்டுக்கும் அம்பாத்துரைக்கும் நடுவே, மூன்றாம் நாள் காலையில், அவருடைய இடது குதிகாலில் கொப்புளம் உடைந்தது. சாலையோர வேப்பமரத்தடியில் ஓர் அம்மா, என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஒரு மண்பானையும் நான்கைந்து எவர்சில்வர் தம்ளர்களுமாக உட்கார்ந்திருந்தார். பந்தல் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. "உக்காருங்க சாமி" என்று அவர் காலைத் தம் பக்கம் இழுத்து, புண்ணில் ஒட்டியிருந்த மணலை முந்தானையால் ஒற்றி எடுத்துவிட்டு வேப்பெண்ணெய் தடவினார். பிறகு கேழ்வரகுக் கூழை மோரில் கரைத்து, உரித்த சின்ன வெங்காயம் இரண்டோடு நீட்டினார். இவர் சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்தார்.

"காசை உள்ள வைங்க சாமி. பன்னெண்டு வருசம் இதே ரோட்டுல நடந்தவ நான். அப்ப எத்தனை பேரு கையால வாங்கிக் குடிச்சிருப்பேன்! இப்ப மூட்டு விட்டுப்போச்சு. எனக்கும் சேத்துத்தான் நீங்க நடக்கிறீங்க."

அவர் தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்று மாலைக்குள் அந்தப் பையில் இருந்ததையெல்லாம் வழியில் போன பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்தோம்.

திண்டுக்கல்லைத் தாண்டினால் ஊர்ப் பெயர்களே வழிநடைக்காரர்களுக்காக வைத்தவை போல இருக்கின்றன. ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி. பேருந்தில் எத்தனையோ முறை கடந்தவைதான். ஆனால் அந்தச் 'சத்திரம்' என்ற சொல் காதில் விழ, கால் வலிக்க வேண்டியிருந்தது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தையின் லாரி நெரிசலைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். ஆயக்குடியில் கொய்யாப்பழம் வாங்கித் தின்றோம்.

பூசத்துக்கு மூன்று நாள் முன்பாகப் பழனி வந்து சேர்ந்தோம். மரபுப்படி முதலில் திருவாவினன்குடியில் மயில்மேல் அமர்ந்த குழந்தை வேலாயுதசுவாமியைக் கும்பிட்டு, கிரிவலம் வந்து, 693 படிகளையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். கோவணமும் தண்டமுமாக நிற்கும் ஆண்டியைப் பார்க்க வேண்டும் என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நாங்கள் சன்னிதியை அடைந்ததோ சாயரட்சை என்னும் மாலைப் பூசை வேளை. முருகன் கிரீடத்தோடு ராஜ அலங்காரத்தில் நின்றார். கூட்டம் தள்ள, சில நொடிகள்தான். வெளியே வந்ததும், "அந்த அம்மாவோட மூட்டுக்கு வேண்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். அதைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை என்றார்.

மறுநாள் மதுரைப் பேருந்தில் சன்னலோரம் அவருக்கு. ஏழு நாள் நடந்த சாலை மூன்று மணி நேரத்தில் பின்னோக்கி ஓடியது. பச்சையும் மஞ்சளுமாக ஆட்கள் எதிரே வந்துகொண்டே இருந்தார்கள். கொடைரோட்டில் வண்டி நின்றபோது, தோளில் பெரிய பையோடு எங்கள் வயதுக்காரர் ஒருவர் மனைவியுடன் நொண்டியபடி வந்தார். இவர் சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டார்.

"சாமி! அம்பாத்துரைக்கு முன்னாடி ஒரு வேப்பமரம் வரும். அடியில ஒரு அம்மா பானையோட இருப்பாங்க. கூழு வாங்கிக் குடிச்சிட்டுப் போங்க. காசு எடுத்துராதீங்க!"