“ஆமாம்” என்றார், இறங்கிவிட்டேன்

வேதாகமத்தில் வரும் கிபியோன் என்ற பழைய ஊரைத் தேடி, பாலஸ்தீனத்தின் ராமல்லாவில் வேன் ஏறினேன். அதை அங்கே ‘சர்வீஸ்’ என்பார்கள். ஓர் ஊர் வந்ததும் ஓட்டுநரிடம், “இதுதானே கிபியோன்?” என்றேன். “ஆமாம், ஆமாம்” என்றார். இறங்கிவிட்டேன். வேன் போன பிறகு விசாரித்தால், ஊரின் பெயர் வேறு. தமிழில் எழுதினால் ‘பித்து’ என்றுதான் வரும். அந்த நேரத்தில் எனக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

1838இல் இதே மலைகளில் வேதாகம ஊர்களைத் தேடிச் சுற்றிய அமெரிக்க அறிஞர் எட்வர்ட் ராபின்சன் இந்தத் தவறைச் செய்யவில்லை. அவருடன் வந்த எலி ஸ்மித் அரபு நன்கு தெரிந்தவர். மடத்துத் துறவிகள் காட்டும் இடங்களை இருவரும் நம்பவில்லை. உழவர்களிடமே ஊர்ப்பெயர் கேட்டார்கள். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பதை முடிந்தவரை தவிர்த்தார்கள். விருந்தாளி மனம் கோணாதிருக்க யாரும் “ஆமாம்” சொல்லிவிடுவார்கள் அல்லவா?

அப்படிக் கேட்டபோது வேதாகம ஊர்கள் பல வாய்மொழியிலேயே உயிரோடு இருந்தன. ஆனதோத் ‘அனாத்தா’வாகவும், மிக்மாஸ் ‘முக்மாஸ்’ ஆகவும் இருந்தன. பெத்தேல் ‘பெய்தீன்’ ஆகியிருந்தது. கடைசி லகரம் னகரமாகிவிட்டது. யெஸ்ரயேல் ‘ஸிர்ஈன்’ ஆனதும் அதே வழியில்தான். தஞ்சாவூரைத் தஞ்சை என்று சுருக்கும் நமக்கு மரூஉ புதிதில்லை. பெத்செயானுக்குக் கிரேக்கர் காலத்தில் சைத்தோபோலிஸ் என்று பெயர் வந்து பல நூற்றாண்டுகள் வழங்கியது. மக்கள் வாயில் கடைசியில் நின்றது ‘பெய்சான்’. நாப்லுஸில் மட்டும் என்னவோ, ‘நியாபோலிஸ்’ என்ற கிரேக்கப் பெயரே வென்றுவிட்டது.

பெயரை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். எரிகோவின் பெயர் இன்றைய ‘அரீஹா’ நகரத்தில் இருக்கிறது. பழைய எரிகோவோ சற்றுத் தள்ளி, தெல் எஸ்-சுல்தான் மேட்டில் புதைந்து கிடக்கிறது.

வழி கேட்டுக் கேட்டு, நடந்தே அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். மேட்டின்மேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனிடம் இம்முறை, “இந்த ஊரின் பெயர் என்ன?” என்று மட்டும் கேட்டேன். “அல்-ஜிப்” என்றான். ககரம் அரபு வாயில் ஜகரமாகி, வால் உதிர்ந்த கிபியோன்!

பாறையைக் குடைந்த வட்டக் கிணறு ஒன்றை அவன் காட்டினான். குறுக்களவு ஏறக்குறைய 12 மீட்டர். சுவரை ஒட்டிச் சுழன்று இறங்கும் படிகளில், கைப்பிடிச் சுவரும் அதே பாறையில்தான் செதுக்கப்பட்டிருக்கிறது. அடியில் சுரங்கமாகிப் போகும் படிகளையும் சேர்த்தால் 79. எட்டிப் பார்த்தேன், பாதிக்குக் கீழே இருட்டு.

அல்-ஜிப்தான் கிபியோன் என்ற ராபின்சனின் ஊகத்தைச் சந்தேகித்தவர்களும் உண்டு. 1956இல் தொல்லியலாளர் ஜேம்ஸ் பிரிட்சர்ட் இங்கே அகழத் தொடங்கினார். இந்தக் கிணற்றை நிரப்பியிருந்த மண்ணில் ஜாடிகளின் உடைந்த கைப்பிடிகள் கிடைத்தன. அவற்றில் பழைய எபிரெய எழுத்தில் கிபியோன் என்று கீறப்பட்டிருந்தது. உழவர்கள் சொன்ன பெயருக்கு மண்ணிலிருந்து சான்று வர 118 ஆண்டுகள் ஆயின.

மாலையில் ஒரு வேன் வந்தது. “ராமல்லாதானே?” என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, “எங்கே போகிறது?” என்று கேட்டேன்.