நீ, நீங்க, நீர்

'பேட் லெப்டினன்ட்' படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதித் தருவதாக எங்கள் திரைப்படக் குழுவில் ஒப்புக்கொண்டபோது, பேச்சு குறைவான படம்தானே, பத்து நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒன்றரை மாதம் ஆகிவிட்டது.

1992இல் ஏபல் ஃபெராரா இயக்கிய படம். ஹார்வி கைட்டல் நியூயார்க் போலீஸ் அதிகாரியாக வருகிறார். மகன்கள் இருவரையும் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்ட கையோடு காருக்குள்ளேயே கொக்கைன் உறிஞ்சுகிற ஆள். திருடிய பையன்களைப் பிடித்தால் அந்தப் பணத்தைத் தன் பையில் போட்டுக்கொள்வான். பேஸ்பால் பந்தயத்தில் தோற்கத் தோற்கத் தொகையை ஏற்றிக்கொண்டே போவான்.

முதல் தடங்கல் பதவிப் பெயர். லெப்டினன்ட் என்றால் நம் ஆட்களுக்கு ராணுவம்தான் ஞாபகம் வரும். அதனால் 'இன்ஸ்பெக்டர்' என்று போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, படம் முழுக்க அவனுக்குப் பெயரே கிடையாது. இருக்கிற ஒரே அடையாளம் அந்தப் பதவி, அதையும் மாற்றிவிட்டால் எப்படி? லெப்டினன்ட் என்றே விட்டுவிட்டேன். பேஸ்பால் வர்ணனையில் பாதியை வெட்டினேன். எந்த அணி ஜெயிக்கிறது, இவனுக்கு எவ்வளவு கடன் ஏறுகிறது என்பது புரிந்தால் போதும்.

வசவுகளுக்குக்கூட வழி கிடைத்தது. என்னைப் படுத்தி எடுத்தது 'யூ' என்ற ஒற்றைச் சொல். ஆங்கிலத்தில் மகனுக்கும், விசாரிக்கும் ஆளுக்கும், கடவுளுக்கும் அது ஒன்றுதான். தமிழில் ஒவ்வொரு இடத்திலும் முடிவு செய்தாக வேண்டும். மகன்களிடம் 'டேய்'. வல்லுறவுக்கு ஆளான கன்னியாஸ்திரியிடம் 'சிஸ்டர், நீங்க'. யார் செய்தது என்று தெரிந்தும் அவர் சொல்ல மறுத்து, அவர்களை மன்னித்துவிட்டதாகச் சொல்கிறார். அந்த இடத்தில் 'நீங்க' என்று எழுதியதுமே அவனுடைய குரல் கொஞ்சம் இறங்கியது போல எனக்குப் பட்டது.

அடுத்தது தேவாலயக் காட்சி. ஏசு எதிரே நிற்பதாக அவனுக்குத் தெரிகிறது. ஜெபமாலையை வீசி எறிந்து, நீ எங்கே போயிருந்தாய் என்று கத்துகிறான். 'நீ' என்று எழுதினேன், தெருச்சண்டை மாதிரி ஆனது. 'நீர்' என்று மாற்றினால் பிரசங்கம். இந்த மூன்று நிமிடத்துக்காக ஒரு வாரம் போனது.

கடைசியில் நண்பனின் அம்மாவிடம் போனேன். தினமும் வேதம் வாசிப்பவர். படத்தைக் காட்டவில்லை, காட்சியை மட்டும் சொன்னேன். சிலுவையில் ஏசுவே "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று 'நீர்' போட்டுத்தானே கேட்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஆண்டவரைத் திட்டும்போது எனக்கும் நீ-ன்னுதான் வரும்பா. அழ ஆரம்பிச்சா தானா நீர்-னு ஆயிடும்."

அன்று ராத்திரியே உட்கார்ந்து திருத்தினேன். கத்துகிற வரை 'நீ'. தான் பலவீனமானவன் என்று ஒப்புக்கொண்டு உதவி கேட்கத் தொடங்கும் இடத்திலிருந்து 'நீர்'. இரண்டுக்கும் எந்தச் சிரமமும் இல்லாமல் இடம் இருந்தது.

அந்தப் பேச்சுக்கு முன்னால் கைட்டல் வார்த்தையே இல்லாமல் ஊளையிட்டு அழுவார். முதல் பிரதியில் அங்கே 'அழுகை' என்று போட்டிருந்தேன். அதை அழித்துவிட்டுத் திரையை வெறுமையாக விட்டேன்.