ஸ்பீக்கருக்குச் சுவர்ப் பலகை

8 ஜூன் 2024, சனி

ஸ்பீக்கர்கள் இரண்டும் இதுவரை டிவி மேசை மேல்தான். மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) விழும்போதெல்லாம் மேசையும் கூடவே அதிர்கிறது. சுவரில் ஆளுக்கொரு பலகை அடித்துவிடலாம் என்று இன்று முடிவாயிற்று.

உயரத்தைத்தான் முதலில் அளந்தேன். சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து 95 செ.மீ. பெட்டியின் அடியிலிருந்து ட்வீட்டர், அதாவது உச்ச ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர், 23 செ.மீ. அப்படியானால் பலகையின் மேல்பரப்பு 72-இல் வர வேண்டும். பல வீடுகளில் இடத்தை அடைக்காது என்று ஆறடிக்கு மேல் மாட்டிவிடுகிறார்கள். பாவம், வயலினின் மேல் ஸ்தாயியெல்லாம் தலைக்கு மேலே போய்விடும். தாழ்ந்த ஒலி நாலாபக்கமும் பரவும். உச்ச ஒலி அப்படியில்லை, ட்வீட்டர் பார்க்கும் திசையிலேயே போகும்.

9 ஜூன், ஞாயிறு

ப்ளைவுட் கடையில் 18 மி.மீ. தடிமனில் 710 கிரேடு (தண்ணீர் தாங்கும் ரகம்) துண்டு கிடைத்தது. 25-க்கு 35 செ.மீ. அளவில் இரண்டாக அறுத்துக் கொடுத்தார்கள். பெட்டியின் ஆழம் 22 தான். ஆனால் போர்ட், அதாவது பெட்டியின் காற்றுத் துளை, பின்பக்கம் இருக்கிறது, அது மூச்சுவிட இடம் வேண்டுமே. விளிம்புகளை 120, அப்புறம் 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தேன்.

15 ஜூன், சனி

ட்ரில்லிங். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளை போடவே கூடாது, உள்ளே வயர் பைப் ஓடும். 8 மி.மீ. பிட் இறங்கியதும் முதலில் சாம்பல் நிறத் தூள் கொட்டியது, அது வெறும் பூச்சு. இன்னும் அழுத்தினால் மெஷினின் சத்தம் கனத்து, செக்கச்செவேலென்று செங்கல் பொடி வந்தது. ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக் அந்தச் சிவப்புக்குள் முழுதாக உட்கார வேண்டும். பூச்சில் நின்றால் நாளடைவில் ஆட்டம் கொடுக்கும்.

எல் பிராக்கெட் 10-க்கு 12 அங்குலம். நீளமான காலைச் சுவரில் வைத்தேன். பலகை முன்னே நீள நீள, பாரம் மேல் ஸ்க்ரூவைத்தான் வெளியே இழுக்கும். சுவர்க்கால் நீளமாக இருந்தால் அந்த இழுவை குறையும். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது.

16 ஜூன், ஞாயிறு

நாலு மூலைக்கும் ரப்பர் வில்லை வைத்து ஏற்றியாயிற்று. சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி வைத்தபோது தொப்பி குழைந்து, வீங்கிக் கேட்டது. சுவர் தாழ்ந்த ஒலியைத் திருப்பி அனுப்பிக் கூட்டிவிடுகிறது. அறையின் மூலை என்றால் இன்னும் மோசம். 12-க்கு இழுத்ததும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. இரண்டு பெட்டிகளையும் என் பக்கமாகச் சற்றுத் திருப்பியதில் பாடகர் நட்டநடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார்! அந்த 7 செ.மீ.க்கு எந்த விலை கொடுத்தாலும் தகும்.

வயருக்கு கேசிங் பட்டி அடிப்பதுதான் பாக்கி.