மானிட்டர்கள் விழித்ததும் உறைந்துபோகும் லேப்டாப்: பன்னிரண்டு நாள் தேடல்

அப்டேட் போட்ட அன்றே லேப்டாப் மூன்று தடவை உறைந்துவிட்டது. மவுஸ் அம்பு இருந்த இடத்திலேயே நிற்கும். ஓடிக்கொண்டிருந்த பாட்டு மட்டும் தடையில்லாமல் ஓடும். கீபோர்டில் எதைத் தட்டினாலும் திரையில் அசைவு இருக்காது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. சேமிக்காமல் வைத்திருந்த வேலை மூன்று தடவையும் போயிற்று.

லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். யூஎஸ்பி-சி துளையில் ஒரு டாக் (ஒரே கேபிளில் பல கருவிகளை இணைக்கும் பெட்டி), அந்த டாக்கில் இரண்டு மானிட்டர்கள். இரண்டுமே 2560×1440, 60 ஹெர்ட்ஸ். இதே அமைப்பு வாரக்கணக்கில் அணைக்காமல் ஓடியிருக்கிறது. மாறியது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒன்றுதான், அதுவும் அதே வரிசையில் அடுத்து வந்த ஒரு சிறு வெளியீடு.

முதல் இரண்டு நாள் வழக்கமான சந்தேகங்களிலேயே போயிற்று. சூடு பார்த்தேன், இயல்பாக இருந்தது. ஒரு இரவு முழுக்க மெமரி சோதனை ஓடவிட்டேன், ஒரு பிழைகூட இல்லை. கேபிளை மாற்றினேன், அப்போதும் உறைந்தது. அந்த இரண்டு நாளில் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான்: ஒவ்வொரு தடவை உறையும்போதும் நேரத்தையும், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் ஒரு தாளில் எழுதினேன். ஏழாவது குறிப்பை எழுதும்போது விஷயம் பிடிபட்டது. ஏழு தடவையும் நான் எங்கோ எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்து மவுஸை அசைத்த நேரம். பத்து நிமிடம் சும்மா இருந்தால் மானிட்டர்கள் தூங்கப் போகும்படி வைத்திருந்தேன். அவை விழிக்கும் நேரத்தில்தான் எல்லாம் நின்றிருக்கிறது.

அடுத்த சந்தேகம் அலைவரிசை மேல், அதாவது கேபிளில் நொடிக்கு எவ்வளவு தரவு போகும் என்பதன் மேல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், டாக் வைத்திருக்கும் எல்லோருக்கும் உதவும் கணக்கு இது. யூஎஸ்பி-சி கேபிளுக்குள் வேகமான தரவுக்கென்று நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. நான்கையும் திரைக்குப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கே கொடுக்கலாம். இல்லாவிட்டால் இரண்டைப் படத்துக்கும் மீதி இரண்டை வேகமான யூஎஸ்பிக்கும் பிரித்துக்கொள்ளலாம். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் ஒரு பாதைக்கு, அதாவது ஒரு ஜோடிக்கு, நொடிக்கு 5.4 கிகாபிட். நான்கு பாதையும் கிடைத்தால் 21.6. அதில் குறியீட்டுச் செலவு ஐந்தில் ஒரு பங்கு போக, படத்துக்கு மிஞ்சுவது 17.28. இரண்டு பாதைதான் என்றால் 8.64. என் மானிட்டர் ஒன்றுக்கு 5.8 கிகாபிட் வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து 11.6. ஆக நான்கு பாதை கிடைத்தால் தாராளம், இரண்டு பாதையில் இடம் போதாது.

என் டாக் நான்கையும் படத்துக்கே எடுத்துக்கொள்கிறது என்பதைக் கெர்னல் பதிவிலேயே பார்த்துவிட்டேன். டாக்கில் செருகிய பென் டிரைவ் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று ரொம்ப நாளாக ஒரு கேள்வி இருந்தது. அதற்கும் அன்றுதான் பதில் கிடைத்தது. நான்கு ஜோடியும் படத்துக்குப் போய்விட்டால் யூஎஸ்பிக்கு மிஞ்சுவது பழைய 480 மெகாபிட் கம்பிதான். இருந்தாலும் சந்தேகம் முழுக்கத் தீரவேண்டும் என்று இரண்டு மானிட்டரையும் 30 ஹெர்ட்ஸுக்கு இறக்கி வைத்தேன். அன்று மாலையே மறுபடி உறைந்தது. சரி, அலைவரிசை காரணமில்லை.

பதிவில் ஏன் எதுவுமே இல்லை என்பதுதான் என்னை அதிகம் அலைக்கழித்த கேள்வி. ஒவ்வொரு தடவையும், லினக்ஸின் பதிவான ஜர்னலைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் முந்தைய அமர்வின் கெர்னல் செய்திகளைத் தேடுவேன். உறைவதற்குச் சில நிமிடம் முன்பே பதிவு சத்தமில்லாமல் முடிந்திருக்கும். கையேட்டை நிதானமாகப் படித்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, ஜர்னல் எல்லாச் செய்தியையும் உடனுக்குடன் டிஸ்க்கில் உறுதிப்படுத்துவதில்லை. மிக ஆபத்தான வகைச் செய்திகளை மட்டும் உடனே எழுதிவிடும், மற்றவற்றை இயல்பு அமைப்பில் 5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் உறுதிசெய்யும். இரண்டு, ஒரு பணி நகராமல் சிக்கிக்கொண்டால் கெர்னல் அதைப் பற்றிப் புகார் சொல்வதற்கு 120 விநாடி காத்திருக்கும். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம்கூடப் பொறுக்காமல் பவர் பட்டனை அழுத்தியிருக்கிறேன். கெர்னல் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் அணைத்துவிட்டேன், அதற்கு முன் சொல்லியிருந்ததும் டிஸ்க்குக்குப் போய்ச் சேரவில்லை.

நான்காம் நாள் முறையை மாற்றினேன். ஜர்னல் எழுதும் இடைவெளியைச் சில விநாடிகளாகக் குறைத்தேன். பழைய கணினி ஒன்றிலிருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் மூலம் இன்னொரு கணினிக்குக் கட்டளை கொடுக்கும் முறை) வழியாக லேப்டாப்புக்குள் நுழைந்து, கெர்னல் செய்திகள் அந்தத் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும்படி வைத்தேன். கெர்னலுக்கே நேரடியாகக் கட்டளை கொடுக்கும் சிஸ்ஆர்க்யூ விசைகளையும் முழுமையாகத் திறந்துவிட்டேன். ஆல்ட்டையும் சிஸ்ஆர்க்யூவையும் பிடித்துக்கொண்டு எஸ் தட்டினால் மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதும், யூ தட்டினால் டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றும், பி தட்டினால் ரீஸ்டார்ட் ஆகும். முரட்டுத்தனமாக அணைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பத்து நிமிடம் பத்து நிமிடமாகக் காத்திருந்து கட்டுப்படியாகாது என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். மானிட்டர்களைத் தூங்க வைக்கும், 8 விநாடி பொறுக்கும், எழுப்பும், எண்ணிக்கையைக் கூட்டும். பதினொன்றாவது சுற்றில் உறைந்தது. இந்தத் தடவை பட்டன் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. கேப்ஸ் லாக் தட்டினால் விளக்கு எரியவில்லை, ஆனால் எஸ்எஸ்எச் உயிரோடுதான் இருந்தது. கட்டளை கொடுத்தால் உடனே பதில் வந்தது. லேப்டாப் சாகவில்லை, திரையைக் கவனிக்கும் பகுதி மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறது! பாட்டு நிற்காமல் ஓடியதே, அது முதல் நாளிலிருந்தே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு நிமிடம் கழிந்ததும் பழைய கணினியின் திரையில் வரிகள் கொட்டின. ஒரு பணி 120 விநாடிக்கு மேலாகத் தடைபட்டு நிற்கிறது என்று ஒன்று, அதன் கீழேயே இன்னொன்று. ஒவ்வொன்றும் எந்தச் செயல்கூறுக்குள் நிற்கிறது என்ற பட்டியலும் சேர்ந்து வந்தது. இரண்டு பட்டியலிலும் எம்எஸ்டி என்ற எழுத்துகள் இருந்தன.

ஒரே டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் ஒன்றுக்கு மேற்பட்ட திரைகளுக்குப் படம் அனுப்பும் ஏற்பாடுதான் எம்எஸ்டி. 2010-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. கேபிளில் ஓடும் நேரத்தை 64 துண்டாக வெட்டி, முதல் துண்டைத் தலைப்புக்கு வைத்துக்கொண்டு, மீதி 63-ஐத் திரைகளுக்குப் பங்கு போடும். டாக்குக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், சாதாரண டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் ஒரு தனிக் கம்பியில் அரை மில்லிவிநாடி முதல் ஒரு மில்லிவிநாடி வரை ஒரு சின்னத் துடிப்பு கொடுத்து லேப்டாப்பைக் கூப்பிடும். அதே கம்பி 2 மில்லிவிநாடிக்கு மேல் தணிந்திருந்தால் கேபிளைப் பிடுங்கிவிட்டார்கள் என்று பொருள். யூஎஸ்பி-சியில் அந்தத் தனிக் கம்பி இல்லை, அதே துடிப்பு ஒரு செய்தியாக வரும். இரண்டு மானிட்டரும் ஒன்றாக விழிக்கும்போது இந்தத் துடிப்புகளின் நெரிசல் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் இணைப்பு முறைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஒரு மானிட்டர் நேராக எச்டிஎம்ஐயில், 100 சுற்று, உறையவில்லை. ஒரு மானிட்டர் மட்டும் டாக்கில், 100 சுற்று, உறையவில்லை. ஒன்று எச்டிஎம்ஐ, ஒன்று டாக், அதுவும் 100 சுற்றைத் தாண்டியது. இரண்டும் டாக்கில் என்றால் ஏறக்குறைய பத்துச் சுற்றுக்கு ஒரு தடவை உறைகிறது. தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து, இரண்டையும் டாக்கிலேயே வைத்து 150 சுற்று ஓட்டினேன். ஒன்றுமே ஆகவில்லை. அந்த நிமிடமே பழைய கெர்னல் தானாக நீங்கிவிடாதபடி நிறுத்திவைத்தேன். அன்றாட வேலைக்கு ஒரு மானிட்டரை எச்டிஎம்ஐக்கு மாற்றிக்கொண்டேன். இதே சிக்கலில் இருப்பவர்கள் முதலில் இதைச் செய்யலாம், லேப்டாப்பில் தனி எச்டிஎம்ஐ துளை இருந்தால் ஒரு நிமிட வேலை.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் பழைய கெர்னலிலேயே தங்கினால் பாதுகாப்புத் திருத்தங்களும் வராமல் போகும். அதைவிட, எந்த மாற்றம் இதைச் செய்தது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

கிட் பைசெக்ட் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், செய்ததில்லை. நல்ல பதிப்பு எது, கெட்ட பதிப்பு எது என்று சொன்னால் நடுவில் இருக்கும் மாற்றத்தை எடுத்துத் தரும். அதைக் கம்பைல் செய்து (நிரலை ஓடக்கூடிய கெர்னலாக மாற்றி), சோதித்து, நல்லதா கெட்டதா என்று சொல்லவேண்டும். ஒவ்வொரு தடவையும் பாதி கழியும். இரண்டு சிறு வெளியீடுகளுக்கு நடுவே ஏறக்குறைய 300 மாற்றங்கள் இருந்தன, ஒன்பது சுற்றில் முடிந்துவிடும். ஒரு கம்பைலுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. இரண்டு மாலை உட்கார்ந்தேன். கடைசியில் அது கைகாட்டிய மாற்றம் ஒலி டிரைவரில் இருந்தது. திரைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எங்கே தவறினேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கெர்னலையும் 20 சுற்று ஓட்டி, உறையாவிட்டால் நல்லது என்று குறித்திருந்தேன். பத்தில் ஒரு தடவைதான் உறையும் என்றால், கெட்ட கெர்னலும் 20 சுற்றை உறையாமல் தாண்டுவதற்கு 12 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒன்பது படிகளில் எங்காவது ஒரு படி தப்பாகிப்போக அது போதும். 50 சுற்று ஓட்டினால் அது அரை சதவீதமாகச் சுருங்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு 50 சுற்றுக் கணக்கில் மறுபடி ஆரம்பித்தேன். இன்னும் இரண்டு மாலை. ஒன்பதாம் நாள் இரவு அது காட்டிய மாற்றம் கிராபிக்ஸ் டிரைவரின் எம்எஸ்டி பகுதியில் இருந்தது, மொத்தம் பன்னிரண்டே வரி. அந்தப் பன்னிரண்டு வரியை மட்டும் திரும்ப எடுத்துவிட்டுக் கம்பைல் செய்து 200 சுற்று ஓட்டினேன். உறையவே இல்லை.

நான் கெர்னல் நிரல் எழுதுகிறவன் இல்லை. ஆனாலும் சிக்கியிருந்த இரண்டு பணிகளின் பட்டியலையும் இந்த வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் புரிந்தது. ஒரே தரவை இரண்டு பணிகள் ஒரே நேரத்தில் தொடாமல் இருக்கக் கெர்னலுக்குள் பூட்டுகள் உண்டு. திரையை எழுப்பும் பணி முதல் பூட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது பூட்டுக்குக் காத்து நிற்கிறது. டாக்கின் துடிப்புக்குப் பதில் சொல்லும் பணியோ இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதைக் கேட்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றுவிட்டன. முன்பு இரண்டு பணியும் ஒரே வரிசையில்தான் பூட்டைப் பிடித்திருக்கின்றன, புதிய மாற்றத்தில் ஒன்றின் வரிசை மட்டும் திரும்பிவிட்டது. ஒரு மானிட்டர் மட்டும் இருந்தபோது எழுப்பும் வேலை நடுவழியில் இருக்கையில் துடிப்பு வரவில்லை போலிருக்கிறது, அதனால் இரண்டும் மோதிக்கொள்ளவில்லை.

டிரைவரைப் பராமரிப்பவர்களுக்கு எழுதினேன். 120 விநாடிச் செய்திகளை ஒரு வரி விடாமல் சேர்த்தேன். எந்த மாற்றம், எந்த இணைப்பில் உறைகிறது, எதில் உறையவில்லை, எத்தனை சுற்று என்பதையும் எழுதினேன். மறுநாளே பதில் வந்துவிட்டது. பூட்டு வரிசையைச் சரிபார்க்கும் லாக்டெப் வசதியைப் போட்டுக் கெர்னலைக் கம்பைல் செய்து ஓட்டச் சொன்னார்கள். 2006 முதல் கெர்னலுக்குள்ளேயே இருக்கும் கருவி அது. எந்தப் பூட்டுக்குப் பிறகு எந்தப் பூட்டு என்று குறித்துக்கொண்டே வரும், வரிசை எங்காவது தலைகீழானால், உண்மையில் உறையாவிட்டாலும் எச்சரித்துவிடும். ஓட்டினேன். முதல் சுற்றிலேயே, திரை நன்றாக விழித்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே, வட்டமாகச் சிக்கும் பூட்டுகள் இருக்கலாம் என்ற எச்சரிக்கை வந்து விழுந்தது. ஒவ்வொரு கெர்னலையும் சுற்றுச் சுற்றாக ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நான்கு மாலைகளுக்கு முன்பே இது தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அடுத்த தடவை நான் முதலில் போடப்போவது இதைத்தான்.

பதினொன்றாம் நாள் ஒரு திருத்தம் அனுப்பிச் சோதிக்கச் சொன்னார்கள். அந்த மாற்றத்தின் நோக்கத்தைக் கெடுக்காமல் பூட்டு வரிசையை மட்டும் நேராக்கியிருந்தார்கள். இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் எண்ணிக்கை 1,400-ஐத் தாண்டியிருந்தது, லாக்டெப்பும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்று பன்னிரண்டாம் நாள். திருத்தம் சேர்த்து நான் கம்பைல் செய்த கெர்னலில்தான் இதை எழுதுகிறேன். இரண்டு மானிட்டரும் மறுபடி டாக்கிலேயே இருக்கின்றன. அதிகாரப்பூர்வ அப்டேட்டில் இந்தத் திருத்தம் வரும்வரை பழைய கெர்னலையும் மெனுவில் வைத்திருப்பேன். இடது மானிட்டர் மட்டும் வலதைவிட இரண்டு விநாடி தாமதமாக விழிக்கிறது. பழைய கெர்னலிலும் அப்படித்தானா என்று இன்று ராத்திரி பார்க்கவேண்டும்.