அக்ரிங்டன் பட்டாளத்தின் மற்ற நாட்கள்

இங்கிலாந்தின் லங்காஷயரில் இருக்கும் அக்ரிங்டன் ஊரின் பட்டாளம் என்றாலே முதல் உலகப் போரைப் பற்றிப் படிப்பவர்களுக்கு 1916 ஜூலை 1 தான் நினைவுக்கு வரும். பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாள். செர் கிராமத்தை நோக்கிப் போன சுமார் 720 பேரில் 584 பேர் இறந்தார்கள், காயம்பட்டார்கள், அல்லது காணாமல் போனார்கள். அந்தக் காலைப்பொழுதைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. எனக்கு வேண்டியிருந்தது அதற்கு முந்தைய நாட்கள். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்போது தூங்கினார்கள், எதற்கெல்லாம் தண்டனை வாங்கினார்கள் என்பது.

நான் வசிக்கும் லங்காஷயர் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். அவருடைய பெரியப்பா அந்தப் பட்டாளத்தில் இருந்து ஜூலை 1 அன்று இறந்தவர். சாவைப் பற்றித்தான் எல்லாரும் சொல்கிறார்கள், அவர் அங்கே எப்படி நாளைக் கழித்தார் என்று யாருக்கும் தெரியவில்லை என்று வருத்தப்பட்டார். சரி, தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

முதல் வேலை சரியான பெயரைப் பிடிப்பது. 'அக்ரிங்டன் பால்ஸ்' (அக்ரிங்டன் தோழர்கள்) என்பது ஊர் வைத்த பெயர். ஆவணங்களில் ஈஸ்ட் லங்காஷயர் ரெஜிமென்டின் 11ஆவது பட்டாலியன் என்றுதான் தேட வேண்டும். 1914 செப்டம்பரில் மேயர் ஜான் ஹார்வுட் முன்னின்று திரட்டிய படை இது. சிறிய ஊர் என்பதால் சோர்லியிலிருந்தும் பர்ன்லியிலிருந்தும் ஆள் சேர்த்துத்தான் ஆயிரம் பேரை நிரப்பினார்கள். அந்தக் கோடையில் ஹோவர்ட் அண்ட் புல்லோ நூற்பு இயந்திர ஆலையில் தகராறு, கதவடைப்பு. சம்பளம் நின்றுபோன பல குடும்பங்களுக்குப் படைச் சம்பளம் சோறு போட்டது. ஊர்ப்பற்றோடு இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கூட்டம் புரியும்.

அடுத்தது பதக்க அட்டை, அதாவது ஒரு சிப்பாய்க்குரிய பதக்கங்களைக் குறித்துவைத்த அட்டை. அவருடைய எண்ணும் ரெஜிமென்டும் கிடைக்கும், பெரும்பாலும் பட்டாலியன் இருக்காது. அதே எண் வேறு ரெஜிமென்டில் இன்னொருவருக்கும் இருக்கும் என்பதால் பதக்கப் பதிவேட்டையும் ஒப்பிட்டேன். அப்புறம் பணிக்கோப்பு. 1940இல் லண்டன் குண்டுவீச்சில் கிடங்கு எரிந்து, முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் அழிந்துவிட்டன. பாட்டியின் பெரியப்பாவுடையது தப்பியிருந்தது. ஓரம் கருகி, தண்ணீர்க் கறையோடு சில தாள்கள். அதில் ஒன்று தண்டனைப் பதிவு: இரவு முகாமுக்குத் தாமதமாகத் திரும்பியதற்கு மூன்று நாள் வெளியே போகத் தடை. பாட்டி இதைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார். பெரியப்பாவைப் பற்றி அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அன்றாட வாழ்க்கைக்கு முக்கியமான ஆவணம் பட்டாலியனின் போர் நாட்குறிப்பு. பிரான்ஸ் மாதங்களுக்கு உரியதைத் தேசிய ஆவணக் காப்பகத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அதற்கு முன் எகிப்தில் இருந்த மாதங்களுக்கு உரியது வேறு ஆவணக் கட்டுக்குள் இருப்பதால், காப்பகம் இருக்கும் லண்டனின் கியூவுக்குப் போனேன். வாசகர் அட்டைக்கு அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். உள்ளே பென்சில் மட்டும்தான். கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள விடுகிறார்கள்.

நாட்குறிப்பு ஓர் அச்சுப் படிவம். இடம், தேதி, நேரம், நடந்தவை என்று கட்டங்கள். அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கும், சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டும். இது எனக்கு ஆறவே இல்லை. ஆனாலும் விடாமல் படித்தால் ஒரு நடப்பு பிடிபடுகிறது. சில நாள் முன்வரிசைப் பதுங்குகுழி, பிறகு பின்னால் இருக்கும் கிராமம், மறுபடியும் முன்வரிசை. சூயஸ் கால்வாய்க் காவலை முடித்து 1916 மார்ச்சில் மார்செய்யில் இறங்கியதிலிருந்து ஜூலை வரை இப்படித்தான். பின்னால் போனால் ஓய்வு என்று நினைத்திருந்தேன். அங்கேயும் இரவெல்லாம் வேலை: குழி வெட்டுவது, முள்கம்பி சுமப்பது, குண்டுப் பெட்டிகளை முன்னால் கொண்டுபோவது. ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவர்கள் இங்கேயும் கூலி வேலையைத்தான் அதிகம் செய்தார்கள். சண்டை அதில் சிறு பங்கு.

முன்வரிசையில் விடியலுக்கு முன்பும் அந்தியிலும் எல்லாரும் துப்பாக்கியோடு எழுந்து நிற்க வேண்டும். தாக்குதல் வந்தால் அந்த நேரத்தில்தான் வரும் என்ற எதிர்பார்ப்பு. பிறகு கொஞ்சம் ரம், டின் மாட்டிறைச்சி, பல்லை உடைக்கும் பிஸ்கட், ஜாம். பெட்ரோல் டின்னில் வந்த தண்ணீரில் போட்ட டீ. பகலில் முறைவைத்துத் தூக்கம், சட்டைத் தையலில் பேன் பார்ப்பது.

நாட்குறிப்பு சொல்லாததை உள்ளூர்ப் பத்திரிகை சொன்னது. நூலகத்தில் மைக்ரோஃபிலிமைச் சுற்றிச் சுற்றிக் கண் வலித்தது, ஆனால் சிப்பாய்களின் குரல் அங்கேதான் இருந்தது. வீட்டுக்கு வந்த கடிதங்களைக் குடும்பங்கள் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கின்றன. முதல் சில மாதங்கள் காக்கி கிடைக்காமல் நீலச் சீருடையில், வீட்டிலேயே சாப்பிட்டு ஊரிலேயே பயிற்சி. 1915 பிப்ரவரியில் வேல்ஸின் கர்னார்வனுக்குப் போனபோது மக்களின் வீடுகளில் தங்கவைத்தார்கள். நான் படித்த பிந்தைய கடிதங்களில் சிகரெட், காலுறை, கால்பந்து அனுப்பச் சொல்லும் கோரிக்கைகள்தான் அதிகம்.

பாட்டியிடம் ஓர் அட்டை இருக்கிறது. போர்முனையிலிருந்து அனுப்ப அச்சடித்துக் கொடுத்தது. நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன், உங்கள் கடிதம் கிடைத்தது என்று வரிசையாக வாக்கியங்கள். பொருந்தாததை அடித்துவிட வேண்டும். கையெழுத்தும் தேதியும் தவிர ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டையை அழித்துவிடுவார்கள் என்று மேலேயே எச்சரிக்கை. பெரியப்பா நலம் என்பதையும், கடிதம் சீக்கிரம் வரும் என்பதையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பென்சிலால் அடித்திருக்கிறார். கோடு ஒவ்வொன்றும் அளவுகோல் வைத்ததுபோல் நேர். ஆலையில் பொருத்துநராக இருந்தவர் என்று பாட்டி சொன்னார்.

அட்டையின் தேதியை நாட்குறிப்போடு வைத்துப் பார்த்தேன். பட்டாலியன் முன்வரிசையிலிருந்து திரும்பிய மறுநாள். கையில் பென்சில் கிடைத்ததும் முதலில் வீட்டுக்குத்தான் எழுதியிருக்கிறார் என்று பாட்டி நம்புகிறார், நானும் நம்புகிறேன்.

இதே வேலையில் இறங்குபவர்களுக்கு நான் சொல்வது: பட்டாலியன் நாட்குறிப்போடு நிறுத்தாதீர்கள். மேலே உள்ள பிரிகேடின் நாட்குறிப்பையும் எடுங்கள். இவர்களுக்கு அது 94ஆவது பிரிகேட், 31ஆவது டிவிஷனில். பட்டாலியன் ஒரே வரியில் 'வேலைக்கு ஆள் அனுப்பினோம்' என்று முடித்துவிடும் இரவுக்கு, என்ன வேலை, எந்த இடம் என்பது பெரும்பாலும் பிரிகேட் தாள்களின் இணைப்பில் கிடைக்கும். குடும்பத்தில் அட்டை, கடிதம் எது இருந்தாலும் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பெயரில்லாத அந்தப் படிவத்தில் உங்கள் ஆள் எங்கே நின்றார் என்று அந்தத் தேதிதான் காட்டிக்கொடுக்கும்.